வெயிலுக்கு வாழ்க்கைப்பட்ட கடுகு

மஞ்சவாடிக் கணவாய்

சேலத்தை விட்டு மஞ்சவாடிக் கணவாய் ஏறி அரூர்ப் பக்கம் இறங்கும்போதே வெயிலின் குணம் மாறிவிடுகிறது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த வாரம். ஓடைகளில் கலங்கல் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டு நிலத்துச் செம்மண் அதற்குள் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. மரவள்ளி, பனை, சாலையோரப் புளிய மரங்கள், இடையிடையே மொட்டைப் பாறைக் குன்றுகள். நான் கோத்தகிரிக்காரி. எங்கள் மலையில் பாறையைப் பார்க்க வேண்டுமானால் புல்லையும் தேயிலையையும் விலக்கித்தான் பார்க்க வேண்டும். இங்கே எதுவும் எதையும் மறைக்கவில்லை.

அரூர் தாண்டி ஊத்தங்கரை சாலையில் டீ குடிக்க நின்றோம். கடைக்குப் பின்னால் செங்கல் அடுக்கியிருந்த இடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பூச்செடிகள் மண்டிக் கிடந்தன. நாய்க்கடுகு. தண்டைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. செடி முழுக்கப் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி. பூவுக்கு நான்கு இதழ்கள், நடுவே பத்துக்கும் மேற்பட்ட மகரந்தத் தாள்கள். காய்கள் மெலிந்து நீண்டு வானத்தைப் பார்த்து நிற்கின்றன. முற்றிய காயை உடைத்து உள்ளங்கையில் தட்டினேன். கரும்பழுப்பில் பொடி விதைகள். உற்றுப் பார்த்தால் மேலே வரிவரியாக இருக்கின்றன. கடையில் கொடுத்தால் யாரும் கடுகு என்றுதான் வாங்குவார்கள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். “சின்ன வயசுல எங்கம்மா இதத்தாங்க தாளிப்பாங்க. கடுகு வாங்கக் காசு இல்லாத நாளு. எண்ணெயில போட்டா வாசம் வந்துரும். காட்டந்தான் கொஞ்சம் கம்மி.”

எங்கள் ஊரில் கடுகின் உறவுக்குப் பஞ்சமே இல்லை. முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி எல்லாமே கடுகுக் குடும்பம். தோட்டத்து ஓரங்களில் யாரும் விதைக்காமல் முளைக்கும் சின்ன வெள்ளைப் பூக் களைகள் சிலவும் அந்தக் குடும்பத்தவைதான். அத்தனையும் குளிருக்குப் பழகியவை. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகும் குளிர்காலப் பயிர். நாட்டிலேயே அதிகம் விளைவது ராஜஸ்தானில், அங்கே பனி விழும் மாதங்களில். ஆக, தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலில் கடுகுக் குடும்பத்துக்கு வேலையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். திருவண்ணாமலையில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் தோழி தொலைபேசியில் சொன்னாள்: “மழை விட்டதும் வா. உங்க முட்டைக்கோசோட பங்காளிங்க எங்க ஊர் வெயில்ல எப்படிக் குடித்தனம் நடத்தறாங்கன்னு காட்டறேன்.” அந்த அழைப்புதான் இந்தப் பயணம்.

செங்கம்

ஊத்தங்கரையிலிருந்து செங்கம் வரும் வழியில் இடப்புறம் ஜவ்வாது மலை நீண்டுகொண்டே வருகிறது. செங்கம் பழைய ஊர். பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாமின் பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் இதுதான். அந்தப் பாட்டு சொல்லும் நவிர மலையை இன்று பருவத மலை என்கிறார்கள். கூத்தர்கள் யாழும் முழவும் சுமந்து நடந்த வழியில் இப்போது கரும்பு டிராக்டர்கள் போகின்றன.

தோழி செங்கத்துக்கே வந்து காத்திருந்தாள். மதியம் அவளுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். எங்கள் மலையிலும் ராகி உண்டு. ஆனால் இங்கே களியைக் கிண்டும் விதமே வேறு. உருண்டையைக் குழம்பில் புரட்டி மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள். மெல்ல முயன்றவளைப் பார்த்து அந்த வீட்டுப் பெரியவர், “நெஞ்சுல எறக்கும்மா, பல்லுக்கு வேலை வைக்காத” என்றார்.

சாப்பிட்டு எழுந்து கொல்லைப்புறம் கை கழுவப் போன இடத்தில்தான் அது நின்றது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், எருக்குழியின் விளிம்பில், இடுப்பளவு உயரம். தைவேளை. நல்வேளை என்றும் சொல்வார்கள், பலருக்கு வெறும் வேளை. விரல் விரித்த கை மாதிரி ஒரே புள்ளியிலிருந்து ஐந்து சிற்றிலைகள். உச்சியில் வெள்ளைப் பூக்கள் கொத்தாக, நுனியில் இளஞ்சிவப்புச் சாயல்.

தோழி ஒரு பூவைக் கிள்ளி என் கையில் வைத்தாள். இதுவரை நான் பார்த்த பூக்களில் இப்படி ஒரு கட்டுமானம் இல்லை. இதழ்களின் நடுவிலிருந்து நூல் போன்ற காம்பு ஒன்று எழுகிறது. பாதி உயரத்தில் அது ஆறு மகரந்தத் தாள்களை விரிக்கிறது. அதோடு நிற்காமல் மேலே போய்ச் சூலகத்தைத் தாங்குகிறது. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே காம்பில், மாடி மேல் மாடியாக. கடுகுப் பூவிலும் நான்கு இதழ், ஆறு தாள்தான். ஆனால் அங்கே நான்கு தாள்கள் நெட்டை, இரண்டு குட்டை. எல்லாம் பூவின் அடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பிறகு காய். கடுகுக்காயைப் பிளந்தால் இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் கண்ணாடித் தாள் போல மெல்லிய தடுப்பு இருக்கும். விதைகள் அதன் இரு புறமும். வேளைக்காயைப் பிளந்தாள். ஓரச் சட்டம் இருக்கிறது, தடுப்பு இல்லை. ஒரே அறை. “இந்த ஒரு சவ்வுலதான் ரெண்டு வீடும் பிரியுது” என்றாள்.

பிரிவினைக் கதை சுவையானது. வேளையையும் நாய்க்கடுகையும் நெடுங்காலம் ஆதொண்டை, மாவிலங்கம் இருக்கும் குடும்பத்தோடு வைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்து வகைப்படுத்தத் தொடங்கிய அறிஞர் குழு, 1998-இல் அந்தக் குடும்பத்தையே கடுகுக் குடும்பத்துக்குள் சேர்த்தது. 2003-இலும் அப்படியே வைத்தது. இதற்கிடையே, வேளைக்கு ஆதொண்டையைவிடக் கடுகுதான் நெருங்கிய உறவு என்று ஆய்வுகள் காட்டின. 2009-இல் வேளைக்கென்று தனிக் குடும்பம் கொடுத்து, கடுகுக்கு அடுத்த வீட்டில் குடிவைத்தார்கள். தாளிப்புக்கு நாய்க்கடுகை எடுத்துக்கொண்ட அரூர்ப் பெண்களோ குடும்பப் பட்டியலுக்குக் காத்திருக்கவில்லை. உறவை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது நெடி. கடுகு, முள்ளங்கி, வேளை எல்லாவற்றிலும் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பூச்சி கடித்தாலோ நாம் கசக்கினாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். மூக்கைப் பிடுங்கும் காட்டம் அந்த நொடியில் பிறக்கும். கடிக்காத வரை அந்தக் காட்டம் இலையில் இருப்பதில்லை.

கிரிவலப் பாதை

செங்கத்திலிருந்து வரும்போது அண்ணாமலை தொலைவிலேயே தெரியத் தொடங்கிவிடும். எண்ணூறு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம்தான். எங்கள் ஊர்க் கணக்கில் அது மலையே இல்லை. ஆனால் தட்டையான நிலத்தில் தனியாக எழுந்து நிற்பதால், பார்த்த கணத்திலிருந்து கண் வேறெங்கும் போவதில்லை. கிழக்கே பதினொரு நிலை ராஜகோபுரம் கொண்ட அத்தனை பெரிய கோயில் இருந்தும், இந்த ஊர்க்காரர்கள் மலையையே சாமி என்கிறார்கள். அது ஏனென்று அந்தச் சாலையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பௌர்ணமி இல்லாத நாளில் கிரிவலம் போனோம். 14 கிலோமீட்டர். லட்சக்கணக்கில் ஆள் நடக்கும் இரவுகளைவிட, காவி உடுத்த பெரியவர்கள் திண்ணைகளில் அமர்ந்து கஞ்சி குடிக்கும் இந்தச் சாதாரணக் காலைதான் செடி பார்க்க ஏற்றது. வெறுங்காலில் நடந்தேன். எம லிங்கம் தாண்டும்போதே தார் சுடத் தொடங்கிவிட்டது. நிருதி லிங்கம் கடந்தபோது சாலையோரத்து எருக்கம் புதர்களுக்கு இடையே வேளையும் நாய்க்கடுகும் பக்கம் பக்கமாக நின்றன. அந்த வெக்கையிலும் வேளை வாடவில்லை.

அதன் ரகசியத்தைத் தோழி நடந்துகொண்டே விளக்கினாள். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துத் தருவது இலைக்குள் இருக்கும் ருபிஸ்கோ என்ற நொதி. வெப்பம் ஏற ஏற அது தடுமாறும். கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி தான் சேர்த்ததில் ஒரு பங்கை இழக்கும். முட்டைக்கோஸ், நெல், கோதுமை எல்லாவற்றுக்கும் இந்த இழப்பு உண்டு. கரும்பு, சோளம், கேழ்வரகு, சாமை போன்றவை மாற்றுவழி கண்டுகொண்டன. வெளிச் செல்களில் கரியமில வாயுவைப் பிடித்து நான்கு கரிமம் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உள் செல்களுக்கு அனுப்பி, அங்கே அதை அவிழ்த்துவிடும். ருபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயு நிறைந்திருப்பதால் அது தடுமாறுவதில்லை. இதற்கு சி4 வழி என்று பெயர். தாவர உலகில் அறுபது தடவைக்கு மேல் தனித்தனியாக இந்த வழி தோன்றியிருக்கிறது. ஆனால் நாலாயிரத்துக்கு நெருக்கமான இனங்கள் கொண்ட கடுகுக் குடும்பத்தில் முழுமையான சி4 செடி ஒன்றுகூட அறியப்படவில்லை. அடுத்த வீட்டு வேளைக்கு அது கைவந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நாய்க்கடுகுக்கும் இல்லை. அது முட்டைக்கோஸ் வழியில்தான் உணவு தயாரிக்கிறது. ஒரே சாலை ஓரம், ஒரே வெயில், ஒரே குடும்பம். வெள்ளைப் பூவுக்குத் தெரிந்த வித்தை மஞ்சள் பூவுக்குத் தெரியவில்லை.

வேளை இலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னாள். நரம்புகள் நெருக்கி நெய்த துணியாக இருந்தன. உள் செல்களுக்கு வேலை அதிகம் என்பதால் நரம்புகளும் அவ்வளவு நெருக்கம்.

உலகம் இந்தக் குப்பைச் செடியைக் கவனிக்கத் தொடங்கியதற்கும் இதுதான் காரணம். கடுகுக் குடும்பத்தில் அராபிடாப்சிஸ் தாலியானா என்றொரு காட்டுச் செடி இருக்கிறது. ஒரு சாண் உயரம், ஓராண்டு ஆயுள், ஆறு வாரத்தில் விதை. சந்தையில் காசு பெறாது. ஆனால் தாவரங்களிலேயே முதன்முதலாக, 2000-ஆம் ஆண்டில், முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது அதற்குத்தான். 2022-இல் நிலாவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் முளைக்க வைத்துப் பார்த்ததும் அதைத்தான். அது குளிர்நாட்டுச் செடி, சி4 வழி தெரியாதது. அதற்கு இவ்வளவு நெருங்கிய உறவில் சி4 வழி தெரிந்த செடியாக வேளை இருப்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்த வழி எப்படித் தோன்றியது என்று புரியும் என 2005-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நெல்லுக்கும் அந்த வழியைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது இதற்குப் பின்னால் நிற்கும் பெரிய கேள்வி. அதற்கு விடை தேடுகிறவர்களின் கண்ணாடிக் கூடங்களில், எருக்குழி ஓரத்து வேளை தொட்டியில் வளர்கிறது.

ஆதி அண்ணாமலையை நெருங்கும்போது, ஈரச் சாக்கை விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. முருங்கை, தண்டுக்கீரை. ஓரமாகத் தனியே இரண்டு சின்னக் கட்டுகள்.

“பாட்டி, இது வேளைதானே?”

“ஆமாம்மா, தைவேளை. ஒனக்கு எப்படித் தெரியும்? இப்போ யாரு கேக்கறா. பழசு தெரிஞ்ச நாலு வீட்டுக்குன்னுதான் எடுத்துகினு வரேன்.”

“தோட்டத்துல போடறீங்களா?”

“போட்டா வராதும்மா இது. வெத ஊனிப் பாத்தேன், மொளைக்கல. மாடு கட்டற எடம், சாணி கொட்டற எடம், அங்கதான் தானா வரும்.”

அவர் சொன்ன இரண்டுக்கும் தாவரவியலில் காரணம் இருக்கிறது. புதிதாக உதிர்ந்த வேளை விதை உறங்கும். சில மாதங்கள் கழியாமல் பெரும்பாலும் முளைக்காது. தழைச்சத்து மிகுந்த, கிளறிவிட்ட, வெயில் படும் மண் அதற்குப் பிடிக்கும். மனிதரும் மாடும் வாழும் இடத்தைத்தான் அது தேடி வருகிறது. கிரிவலப் பாதையின் ஓரமெங்கும் சிமென்ட் கற்கள் பதித்து வரும் வேகத்தைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நடக்க வருபவர்களுக்கு நல்ல தளம் வேண்டும், மறுக்கவில்லை. மரத்தடிகளிலும் வேலி ஓரங்களிலும் ஒரு முழம் மண்ணை விட்டுவைக்கலாம். அந்த ஒரு முழத்தில் பாட்டியின் நாலு வீட்டுக்கான கீரை இருக்கிறது.

மலைச் சரிவு

கோயிலின் மேற்குப் பக்கத்திலிருந்து விருபாட்ச குகைக்கு ஏறும் வழியில் குகை நமசிவாயர் கோயில் வருகிறது. அதன் மண்டபத்தில் ஒரு காலத்தில் வாழ்ந்த மூதாட்டியை ரமணரின் வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். மலையில் அலைந்து கீரை பறிப்பார், சமைத்துப் படைப்பார், மலை மேல் இருந்த ரமணருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். கீரைப் பாட்டி என்றே பெயர் நின்றுவிட்டது. 1948-இல் இறந்து ஆசிரமத்தில் சமாதி வைக்கப்பட்ட பசு லட்சுமி, கீரைப் பாட்டியின் மறுபிறவி என்று நம்பும் அடியார்கள் இன்றும் உண்டு. எந்தக் கீரை எந்தப் பாறை ஓரத்தில் எந்த மழைக்குப் பின் வரும் என்ற அறிவு முழுவதும் அவர் காலில் இருந்திருக்கும்.

அந்தப் பாட்டி நடந்த சரிவு அன்று பெரும்பாலும் வெட்டவெளி. விறகு, மேய்ச்சல், கோடைத் தீ எல்லாமாகச் சேர்ந்து மலையை மொட்டையாக்கியிருந்தன. பிறகு வந்தவர்கள் நாட்டு மரக்கன்றுகளை நட்டு, ஆண்டுதோறும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, மெல்ல மெல்லக் காட்டைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ‘ஃபாரஸ்ட் வே’ அமைப்பின் உழைப்பு அதில் பெரியது. நிழல் தொடங்கும் இடத்தில் வேளையைத் தேடினேன், இல்லை. வேளை மறைந்த இடத்தில் காடு வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அங்கே அது இல்லாததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

மரம் இல்லாத பாறை விளிம்பில் நாய்க்கடுகு நின்றது. தரையை ஒட்டித் தள்ளாடித் தள்ளாடிப் பறந்து வந்தது சின்ன வெள்ளைப் பட்டாம்பூச்சி, சிறகில் கரும்புள்ளி. சைக்கி என்பார்கள். மற்றப் பூச்சிகளை விரட்டும் அந்தக் காட்டமே இதற்கு முகவரி; தன் புழு தின்று வளர நாய்க்கடுகையும் அதன் உறவுகளையும் தேடி முட்டை இடும். இலையின் அடியில் தேடிக்கொண்டிருந்தோம். மேலே ஏறிக்கொண்டிருந்த ஆசிரமவாசி ஒருவர் நின்று எங்களோடு தேடத் தொடங்கி, தம் வழியையே மறந்துவிட்டார்.

இறங்கும்போது மலையின் மறு சரிவில் மண் வழிந்த தடத்தைத் தோழி காட்டினாள். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்தப் பக்கம் பார்த்து அவள் நெடுநேரம் பேசவில்லை. இப்படி வெறுமையாகும் மண்ணில் முதலில் வருபவை ஓராண்டுச் செடிகளும் புற்களும். அவை மண்ணை மூடி வைத்தால்தான் மரத்தின் விதைக்கு இடம் கிடைக்கும். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

கிடங்கல்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம். செஞ்சிக் கோட்டையை நிற்காமல் கடந்தோம். எங்களுக்கு வேலை கிடங்கலில். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இதுதான், இன்று திண்டிவனத்துக்குள் ஒரு பகுதி. அவனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. தமிழில் வறுமையைச் சொன்ன இடங்களில் அதை மிஞ்சியதை நான் படித்ததில்லை. கூரை இடிந்த அடுக்களையில் ஈன்ற நாய், பால் வற்றிய முலையைக் குட்டி கவர்வதைப் பொறுக்காமல் குரைக்கிறது. கிணைப்பறை கொட்டுபவனின் மனைவி குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பார்ப்பவர்கள் பழிப்பார்களே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வேளை எங்கே வளரும் என்பது புலவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே சங்கக் காலத்தில் வேளைக்கு இன்னொரு முகமும் உண்டு. புறநானூற்றின் 215-ஆம் பாட்டு கோப்பெருஞ்சோழன் சொன்னது. வடக்கிருந்து உயிர்விடும் நேரத்தில் நண்பன் பிசிராந்தையின் நாட்டை நினைக்கிறான். அந்த நினைவில் எருப் பொடி படிந்த தெருவில் பூத்த வேளை வருகிறது. அதன் வெண்பூவை வெண்தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளித்த கூழை, அவரை கொய்பவர்கள் வரகுச் சோற்றோடு வயிறார உண்கிறார்கள். ஒரு பாட்டில் வெட்கப்பட்டுத் தின்பது, இன்னொன்றில் அரசன் சாகும் தறுவாயில் நினைத்துக்கொள்வது. செடி ஒன்றேதான், தயிரும் உப்பும் கிடைத்ததா என்பதுதான் வேறு.

கிடங்கலில் தோழியின் அத்தை வீடு. ஆதி அண்ணாமலைப் பாட்டியிடம் வாங்கிய இரண்டு கட்டையும் அத்தை கையில் கொடுத்து, தயிரில் செய்ய வேண்டும் என்று கேட்டோம். “இதுக்குப் புளிதான் போடுவாங்க, இல்லன்னா பருப்பு போட்டுக் கடையணும். தயிரா?” என்று யோசித்தார். பிறகு இலையை ஒரு கொதி விட்டு நீரை வடித்து, பூக்களைப் பச்சையாகவே வைத்துக்கொண்டு, குழைய வெந்த வரகோடு சேர்த்துப் பிசைந்து, கட்டித் தயிரை ஊற்றினார்.

முதல் வாயில் கசப்பு. அது கரைந்ததும் மூக்கின் பின்பக்கம் மெல்லிய கடுகுக் காட்டம் ஏறி, தயிரின் புளிப்பில் அடங்கியது. பூக்கள் பல்லில் நறுக்கென்றன. மூன்றாவது கவளத்தில் கசப்பு பழகிவிட்டது. நான்காவதில் அதைத் தேடத் தொடங்கினேன்.

கென்யாவில் இதே வேளையைத் தோட்டக் கீரையாகப் பயிரிட்டு, கசப்புக்காகப் பால் ஊற்றிச் சமைக்கிறார்கள் என்று தோழி சொன்னாள். அத்தை கரண்டியோடு நின்றுவிட்டார்.

“பாலா? பால் ஊத்தினா கசப்பு அப்படியே தங்கிடும்டி. தயிர்தான் சரி. அவங்ககிட்ட யாராவது சொல்லுங்க,” என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.